அண்ணன் சொன்னால் சரி

"புராஸ்டேட்டாடா? ரத்தப் பரிசோதனை சுத்தமா இருந்திருக்குமே!" மைக்ராஸ்கோப்பிலிருந்து அண்ணன் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாண்ணே. சாதா வீக்கம்னு ஏமாந்துட்டேன்," என்றான் சர்ஜன் தம்பி.

"எவனா இருந்தாலும் ஏமாறுவான். இது சார்கோமா, அபூர்வப் புற்று. லட்சத்துல ஒருத்தருக்கு வரும். ரத்தத்துல காட்டிக்காது."

"அறுத்து எடுத்துட்டா?"

"திரும்பி வரும். மருந்து ஏத்தினா கொஞ்ச நாள் தள்ளும், அவ்வளவுதான். ஆள்கிட்ட மறைக்காம சொல்லிடு."

"வாய் வரலையேண்ணே."

"நீயெல்லாம் ஒரு டாக்டர்! கூட்டிட்டு வா, நானே சொல்றேன்."

தம்பி நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்தக் கட்டியை இனம் காண ஊரிலேயே அண்ணன் ஒருவர்தான் உண்டு. அதனால்தான், போன வாரம் சிறுநீர் அடைப்புக்காக அண்ணனிடமிருந்தே வெட்டியெடுத்த சதையைப் பெயர் போடாமல் அவரிடமே கொண்டுவந்திருந்தான்.

"சொல்லிட்டீங்கண்ணே."