விரல் நின்ற இடம்

இந்த முறை முந்தானையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வேதப்புத்தகம் மடியில் இருந்தது.

"ஆண்டவரே, நீரே பேசும். நான் குறுக்கே வரமாட்டேன்."

திறந்தாள். விரலை வைத்தாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

புறப்பட்டுப் போ என்ற வசனம்.

காலையிலிருந்து மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அதே வசனம். வேறு வீடாக இருந்தால் அல்லேலூயா போட்டிருப்பார்கள். அவள் அந்த வசனத்தை உள்ளங்கையால் மூடினாள்.

அந்தப் பக்கத்தில்தான் மூத்த மகள் செலினின் படம் இருந்தது. நர்ஸ் உடையில் சிரிக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அம்மா எடுத்துக் கொடுத்த இதே வசனத்தை நம்பித்தான் வளைகுடாவுக்கு விமானம் ஏறினாள்.

பதினோராம் மாதம் பெட்டியில் வந்தாள்.

தேவசித்தம் என்றார் பாஸ்டர். சபையே அதைச் சொன்னது. அவளும் வாய் கூசாமல் சொன்னாள்.

தலைக்கு மேலே கான்கிரீட் கூரை. அந்தப் பதினோரு மாதத்தில் செலின் அனுப்பிய பணத்தில் போட்டது. அவள் அண்ணாந்து பார்ப்பதே இல்லை.

படத்தை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மறுபடி கண்ணைக் கட்டினாள். திறந்தாள்.

அதே பக்கம்.

செலினின் முகத்தைப் பார்க்க தினமும் அங்கேயே திறந்து திறந்து, புத்தகத்தின் முதுகு அங்கே ஒடிந்துபோயிருந்தது. விரலுக்கும் இடம் பழகிவிட்டது.

பேசுவது ஆண்டவரா, ஒடிந்த முதுகா? ஐயோ, இதை யாரிடம் போய்க் கேட்பாள்?

பத்து மணிக்கு ஏஜென்ட் வருகிறார், இளையவளின் பாஸ்போர்ட்டை வாங்க. "ஆண்டவர் சொன்னா போறேன், இல்லன்னா இல்ல," என்று பெர்சிஸ் நேற்றே சொல்லிவிட்டாள்.

பெர்சிஸ் இப்போது கதவருகே வந்து நின்றாள். கையில் அக்காவின் கடிகாரம்.

"யம்மா, ஆண்டவர் என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலட்டி."

"அக்காவுக்கு மட்டும் ஒடனே சொன்னாரே?"

அம்மா புத்தகத்தை மூடினாள். முந்தானையில் முடிச்சுப் போட்ட இடம் இன்னும் கசங்கியிருந்தது. அதை நீவிவிட்டாள். நேராகவில்லை.

ஜன்னலில் செலின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் கண்ண மூடலட்டி."