மூன்றாவது மாடி

வடிகால் வாய்க்காலைத் தூர்த்து அடுக்குமாடி கட்ட நகராட்சி அனுமதி கொடுத்தது. கட்டடம் எழும்பிய வருடமே மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் ஏறியது. வேலைக்குப் போயிருந்த வசுமதி நீந்தாத குறையாக வீடு வந்து சேர்வதற்குள், பக்கவாதத்தில் படுத்திருந்த கணவர் கட்டிலோடு மூழ்கிப்போயிருந்தார். அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பு வாங்குவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. கட்டடத்தை இடித்து வாய்க்காலைத் திறக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னபோது அழுகைகூட வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் குடியிருப்பிலிருந்து பிரமிளா என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினாள்.

“அடியில வாய்க்கால் இருக்குன்னு யாருமே சொல்லலக்கா. நகராட்சியே அனுமதி குடுத்திருக்குன்னு நம்பித்தான் வாங்குனோம். வித்தவனையும் இப்பக் காணோம். இதை விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல. இடிக்க வேணாம்னு நீங்க கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

குழந்தை வசுமதியைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“மறுபடி அப்படி ஒரு மழை வந்தா என்னம்மா பண்ணுவ?” என்று கேட்டாள்.

பிரமிளா அவள் கையை ஆதரவாகப் பற்றிக்கொண்டாள்.

“நீங்க கவலைப்படாதீங்கக்கா. எங்க வீடு மூணாவது மாடி.”

அந்தப் பிடியிலிருந்து கையை எப்படி எடுப்பது என்று வசுமதிக்குத் தெரியவில்லை.