கூட்டிச் சொன்ன வயது

"வயசு?"

"ஆறு," என்றான்.

யோசிக்காமலே வந்துவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

மகள் நித்திலா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் மேஜைமேல் கிடந்தாள். பள்ளிக்கூட ஆட்டோ கவிழ்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நர்ஸ் சீருடையைக் கத்தரித்தாள். வாய் முழுக்க ரத்தம். மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடி, அதில் பொருத்திய ரப்பர் பையை அழுத்தி அழுத்திக் காற்று கொடுத்தார்கள்.

நெஞ்சு எழும்பவில்லை.

"ஆறு வயசுக் குழாய் எடுங்க," என்றாள் டாக்டர்.

வயதை எதற்குக் கேட்டார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மூச்சுக்கான குழாய் தொண்டைக்குள் போகவில்லை. மறுபடி செலுத்தினாள். இடித்து நின்றது.

"ஆறு வயசுக்கு இது போகணுமே. தொண்டை வீங்கிடுச்சா?"

மகளுக்கு ஐந்துகூட முடியவில்லை. ஒரு வருடம் வீணாகிவிடக் கூடாதென்று, பிறப்புச் சான்றிதழின் நகலில் ஒற்றை எண்ணைத் திருத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவன் அவன்தான். ஊரில் யார்தான் செய்யவில்லை?

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும்.

பக்கத்தில் ஜெசிந்தா டீச்சர் நின்றிருந்தாள். குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு ஓடிவந்தவள். புடவையெல்லாம் ரத்தம். ஜூனில் அந்தத் தாளை வாங்கி வைத்தவளும் அவள்தான்.

டீச்சருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சீட்டு போய்விடும்.

அப்படித்தான் நினைத்தான். மகளின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. பெற்ற அப்பன் அதைத்தான் நினைத்தான். வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது?

டாக்டர் மூன்றாம் முறை முயன்றாள். நிமிர்ந்தாள்.

"கழுத்துல துளை போட்டுடலாம். பிளேடு குடுங்க."

"மேடம், அஞ்சுகூட ஆகல! வயசக் கூட்டிச் சொல்லிட்டேன் மேடம்..."

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் சின்னக் குழாய் ஒன்றை உறை கிழித்துக் கொடுத்தாள்.

போனது.

நெஞ்சு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

அவர்களை வெளியே போகச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வாசலுக்கு வந்தாள்.

"மூச்சு வந்துடுச்சு. ஆனா நடுவுல கொஞ்ச நேரம் மூளைக்குக் காத்து போகல. கண்ண முழிக்கட்டும். அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்."

எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்தான். டீச்சர் பக்கத்தில் அமர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர்ந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். வயசு என்னடான்னு கேட்டேன். பாப்பா நாலு விரலக் காட்டினா. சிரிச்சுட்டு விட்டுட்டேன். பாதிப் புள்ளைங்க அப்படித்தானே வருது. இதுக்குப் போயா நீங்க அவ்ளோ நேரம் சொல்லாம..."

நிறுத்தினாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

டீச்சர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.