லேண்டிங்

"என் மகனை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

அங்கம்மா போட்ட சத்தத்தில் அம்பிட்டிய லேனில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. மீதிப் பாதி ஏற்கெனவே திறந்துதான் இருந்தன. மருமகள் டிலானி, வாடிப்போன மாலையை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்மி கேம்ப் குசினியில் சமையல் வேலை என்று வெளிநாடு போன ஜீவன், எட்டு மாதம் கழித்து முந்தாநாள்தான் தாயின் போனுக்குக் குரல் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அம்மா, நாளைக்கு விடிய லேண்டிங். என் பேருல முருகனுக்கு ஒரு தேங்கா உடைங்க." அவ்வளவுதான்.

அங்கம்மா தேங்காய் உடைத்த கையோடு வேன் பிடித்தாள். சொந்தம் பதினொரு பேர், ஒரு மாலை, இரண்டு பார்சல் இடியாப்பம். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் நேற்று விடியற்காலை தொடக்கம் இன்று காலை வரை எத்தனையோ பிளேன் இறங்கியது. ஜீவனைத் தவிர உலகமே வந்தது.

மகன் வந்துவிட்டான் என்பதில் அங்கம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. மருமகள்தான் முந்திக்கொண்டு ஆளை நாவலப்பிட்டியில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறாள். திரும்பி வரும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் தொடங்கிய ஏச்சு, வீட்டு வாசலுக்கு வந்தும் இறங்கவில்லை.

"சூட்கேஸ் சாமான் பூரா உங்கம்மா அலுமாரிக்குப் போன பெறகுதானே பெத்தவளுக்கு மூஞ்சியக் காட்டுவான்?"

டிலானி மாலையைத் தரையில் எறிந்தாள். "எனக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பாத மனுசன் அத்தை அவரு. வந்தா நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேணாம்."

பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் உள்ளேயே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அங்கம்மாவின் போன் அடித்தது. லேனுக்கே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, எந்த வீட்டிலிருந்து பேசுகிறாய் என்று உறுமினாள்.

பேசியது மகன் இல்லை. அவனோடு ஒன்றாக வேலைக்குப் போன அக்குறணை நபீல். குசினிக்கென்று கூட்டிப்போனவர்கள் இரண்டு பேர் கையிலும் துவக்கைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிவிட்டதாக மூச்சு வாங்கச் சொன்னான். அங்கம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பிளேன் எத்தனை மணிக்கு இறங்கியது, அதை மட்டும் சொல் என்று அவனையும் ஏசினாள்.

"பிளேன் இல்ல மாமி. போட்ல போய் கடக்கரையில இறங்கிச் சண்ட புடிக்கிறதத்தான் இங்க லேண்டிங்னு சொல்றது. எங்கட போட்ல இருந்து கரைக்கு ஏறினது நான் மட்டும்தான்."

மறுமாதம் டிலானி நாவலப்பிட்டிக்கு, தாய் வீட்டோடு போய்விட்டாள். லொறியில் அவளுக்கு முன்னாலேயே, மகனுக்கென்று இடியாப்பப் பார்சலோடு ஏறி உட்கார்ந்திருந்தது அங்கம்மா.