கோணல் தையல்

“கோணல். பிரிச்சுடு.”

துணியை ஷஹானாவின் மடியில் போட்டுவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள் நஃபீசா லாத்தா.

ஷஹானாவுக்குக் கண் கலங்கியது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஓட்டிய தையல் அது. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மத்தியானமானால் லாத்தா, அதாவது அக்கா, என்று எல்லோரும் கூப்பிடுகிற நஃபீசா வீட்டு ஹாலில் கூடிவிடுவார்கள். டெய்லர் கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்து, அடியில் பழைய சேலை கொடுத்துப் போர்வை தைப்பார்கள். விற்பதற்கெல்லாம் இல்லை, ஆசைக்குத்தான். ஊசி, நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல், அளவு வைக்க மிட்டாய்ப் பெட்டி அட்டை. அதோடு டீயும் ஊர்க்கதையும் இருந்தால் போதும், பொழுது போவதே தெரியாது.

செந்துறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதமே ஆகியிருந்த ஷஹானாவை, பக்கத்து வீட்டு மர்ஜியாதான் இங்கே இழுத்து வந்தாள்.

“வூட்லயே கெடந்தா பைத்தியம் புடிச்சுரும் புள்ள. வா.”

அவள் சொன்னதும் சரிதான். ஈராக்கில் சண்டை தொடங்கியிருந்தது. ஷஹானாவின் கணவன் உபைத் பக்கத்து நாடான குவைத்தில் டிரைவர். அங்கே ஏவுகணை விழுகிறது, அபாயச் சங்கு ஊதுகிறார்கள், ஜனங்கள் முகமூடி மாட்டிக்கொண்டு பதுங்குகிறார்கள் என்று வீட்டு டிவி ஓயாமல் அலறியது. உபைத்திடமிருந்து ஒரு போன் இல்லை. ஷஹானாவுக்குச் சோறு இறங்கவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூடத் திடுக்கிட்டாள்.

கொஞ்சம் மனசு ஆறலாம் என்று வந்த இடத்தில் இப்படி ஒரு லாத்தா!

“லாத்தா, குவைத்துல நேத்து...”

“இங்க சண்டைப் பேச்சு வேணாம். ஊசியப் பாத்துத் தை.”

“கை நடுங்குது லாத்தா.”

“நடுங்கினா மெதுவா ஓட்டு.”

ஷஹானா மர்ஜியாவின் காதில் முணுமுணுத்தாள். “இவங்களுக்கு என்னக்கா? மவன் இலியாஸ் துபாயில கடைக்குள்ள நெழல்ல நிக்கிறான். எரியிறது என் வயிறுல்ல?”

மர்ஜியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நஃபீசா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் தெருவிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“கேட்டீங்களா? குவைத்துல நம்ம பக்கத்து ஆளு ஒருத்தருக்கு என்னமோ ஆயிருச்சாம். கடைத்தெருவுல பேசிக்கிறாங்க.”

“யாரு? பேரு என்ன?”

“பேரு யாருக்கும் தெரியல.”

ஷஹானாவின் கையிலிருந்து ஊசி நழுவியது.

மூலையில் போன் மணி அடித்தது.

ஹாலில் வேறு ஒருத்தியும் அசையவில்லை. நஃபீசா மடியிலிருந்த துணியெல்லாம் சிதற எழுந்து ஓடினாள். ரிசீவரை எடுத்த கை வெடவெடவென்று நடுங்கியது ஷஹானாவின் கண்ணில் பட்டது.

லாத்தா கையே நடுங்குகிறதா? போச்சு. கெட்ட சேதிதான்.

“அலோ... யாருப்பா?”

கேட்டுக்கொண்டே நின்ற நஃபீசா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு ரிசீவரை நீட்டினாள்.

“ஷஹானா. ஒனக்குத்தான்.”

“யா அல்லா! எனக்கு வேணாம், நான் கேக்க மாட்டேன்...”

மர்ஜியாதான் அவளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

“ஷஹானா! நான்தான் புள்ள. நல்லாருக்கேன், ஒண்ணும் ஆவல. நம்ம வூட்டு லைனே கெடைக்க மாட்டேங்குது, அதான் லாத்தா வூட்டுக்குப் போட்டேன்.”

உபைத்தின் குரல்!

அழுதாள், சிரித்தாள், என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. போனை வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். இன்னொருத்தி வாயில் சர்க்கரையைப் போட்டாள்.

நஃபீசா மட்டும் தள்ளி நின்று சிதறிய துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அழுதது போதும். வூட்ல போயி மொதல்ல மாமனாருகிட்ட சொல்லு.”

பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது ஷஹானாவுக்கு.

“ஒரு வார்த்த ஆறுதலா சொன்னீங்களா லாத்தா? பிரி, பிரின்னு என்னைய வதைச்சீங்களே! ஒங்க மவன் துபாயில சொகமா இருக்கான். ஒங்களுக்கு எப்படிப் புரியும்?”



“ஆமாம்மா. எனக்கு எப்படிப் புரியும்?” என்றாள் நஃபீசா. உள்ளே போய்த் தொழுகைப் பாயை விரித்தாள்.

ஷஹானா விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். மர்ஜியா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

“என்ன புள்ள இப்படிப் பேசிட்ட? ஒன் தையல்ல ஒரு கோணலும் கெடையாது. கை சும்மா இருந்தா நெனப்பு குவைத்துக்கு ஓடும்னுதான் பிரிக்க வெச்சாங்க.”

“அதுக்காக...”

மர்ஜியா குரலைத் தாழ்த்தினாள்.

“இலியாஸ் இப்ப துபாயில இல்ல. பொங்கல் கழிஞ்சு குவைத்துக்கு மாறிட்டான். ஈராக் எல்லைக்கு லாரி ஓட்டுறான். சண்டை ஆரம்பிச்சதுலேருந்து அவன்கிட்டேருந்து ஒரு சேதி இல்ல. ஒனக்குத் தெரிஞ்சா நீ இன்னும் பயந்துருவன்னு எங்க வாயையெல்லாம் கட்டிப்போட்டுட்டாங்க.”

ஷஹானா செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தாள்.

“இப்ப போன் அடிச்சுதே, அது தம் மவன்தான்னு நெனச்சு ஓடுனாங்க புள்ள.”