குளோரின் எங்கே போகிறது?

தோட்ட மானேஜர் குணசீலன் தன் மகளுக்காக ஈப்போவிலிருந்து வாங்கி வந்து, பங்களாப் புல்தரையில் நிறுத்தியிருந்த தகரச் சுவர் நீச்சல் குளம் அது. பம்பு வேலை பார்க்கும் சீனி சோதனைக் குழாயில் நீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டான். குளோரின் இருந்தால் வரவேண்டிய மஞ்சள் நிறம் வரவில்லை.

"நேத்துதானே குளோரின் போட்ட? எங்கய்யா போவுது?" என்றார் குணசீலன்.

"தண்ணியில அழுக்கு இருந்தா குளோரின் நிக்காது, தொரை."

"பங்களா டேங்க் தண்ணியில ஏதுய்யா அழுக்கு?"

"டேங்க்ல பத்தல. நாங்க குடியிருக்கிற லயத்துக் கிணத்துலேருந்து எறைச்சு ஊத்தினேன்."

குணசீலன் பாய்ந்து போய், நீரில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி வெளியே விட்டார்.

"அடப்பாவி! அந்தத் தண்ணியிலயா எம்பிள்ளையக் குளிக்க விட்ட? அதுல வருசக்கணக்கா கக்கூசுத் தண்ணி கலக்குதுன்னு எனக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

சீனி குழாயிலிருந்த நீரைப் புல்லில் கொட்டினான்.

"போன வருசம் எம்பொண்டாட்டி மங்களம் டைபாய்டுல செத்தப்ப, கிணறு சுத்தமா இருக்குன்னு சுகாதார ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தது நீங்கதானே, தொரை? தண்ணியக் காய்ச்சாமக் குடிச்சது அவ தப்புன்னு சொன்னீங்க."

ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பாப்பாவத் திரும்பத் தண்ணியில எறக்கி விடுங்க, தொரை. இது டேங்க் தண்ணிதான். குளோரினத் தின்னது வெயிலு."

சீனி குளோரின் டின்னைத் திறந்து, எப்போதும் போடும் அளவை அள்ளினான்.

"கிணத்தப் பத்தி ஒங்களுக்கு அப்பவே தெரியுமான்னுதான் பாத்தேன்."