சரியாக அறுபது டிகிரி

கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ் ஏறிய அஸ்வினிக்கு, புதுப்புடவை கட்டிய ஓர் இளம்பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் பிளஸ் டூ இயற்பியல் செய்முறைப் புத்தகம். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்தால் நின்ற படிப்பை இப்போது தொடர்கிறாள் போலும்.

"எனக்கும் இன்னிக்கு பிசிக்ஸ் பிராக்டிகல்தான்க்கா. பயமா இருக்கா?"

"முதல் தடவைம்மா. ஒரு வாய் சாப்பிட முடியல."

"இதுக்கா பேஜாராவுறீங்க? ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தா, ப்ரிஸத்தோட கோணம் அறுபதுன்னு வச்சிக்கினு, அளக்காமலே ரீடிங்கை பின்னாலேர்ந்து போட்டுடுங்க. வெளி ஸ்கூல்லேர்ந்து வர்ற எக்ஸாமினர் விடையை மட்டுந்தான் பார்ப்பாங்க."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள்.

பத்து மணிக்கு ஆய்வகத்தில் சீட்டு எடுத்தபோது அஸ்வினிக்கு வந்ததும் ஸ்பெக்ட்ரோமீட்டரேதான். சந்தோஷமாக நிமிர்ந்தால், எக்ஸாமினர் நாற்காலியில் அதே அக்கா!

வேறு வழியில்லை. வாழ்க்கையிலேயே முதன்முறையாக அந்தக் கருவிக்குள் கண்ணை வைத்து நிஜமாக அளந்தாள். மூன்று தடவை அளந்தும் ஐம்பத்தெட்டரைதான். மார்க் போச்சு என்று நினைத்தபடி அதையே எழுதினாள்.

எக்ஸாமினர் வந்து நின்றார். "ஏம்மா, உனக்கு மட்டும் அறுபது வரலியா?"

"நிஜமா அளந்தேன் மிஸ். இதான் வருது."

அவர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்த மற்ற மேஜைகளைக் கண்ணால் காட்டினார்.

"அங்க நாலு பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி சரியா அறுபது. பஸ்ல நீ சொல்லலன்னா, ஃபுல் மார்க் அவங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."